முதலில் எந்த ஓநாய்? பதின்பருவ வாசகருக்கான ஐந்து தொடர்கள், ஓர் ஒப்பீடு

என் அக்கா மகளுக்கு வயது 14. விடுமுறையில் படிக்க, ஓநாய் மனிதர்கள் வரும் நாவல் தொடர் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் படிப்பவள். ஆனால் எந்தப் புத்தகமானாலும் ஐம்பதாம் பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடுவாள். "காதல் இருந்தா பரவாயில்ல சித்தி, ஆனா பக்கத்துக்குப் பக்கம் உருகிட்டே இருக்கக் கூடாது" என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை. ஒரு தொடருக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்பது என் நிபந்தனை. நான் முன்பே படித்திருந்த ஐந்து தொடர்களை மறுபடியும் எடுத்துவைத்து, எதை முதலில் அவள் கையில் கொடுப்பது என்று பார்த்தேன். கதைகளின் முடிவுகளை முடிந்தவரை மறைத்தே எழுதுகிறேன். ஓரிரண்டு இடங்களில் மறைத்தால் ஒப்பிடவே முடியாது என்பதால் சொல்ல வேண்டியதாயிற்று.

போட்டியில் இருந்தவை இவை: ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ வரிசை, மேகி ஸ்டீஃப்வாட்டரின் மெர்சி ஃபால்ஸ் ஓநாய்கள், கனடா எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங்கின் ‘டார்க்கஸ்ட் பவர்ஸ்’, ஆண்ட்ரியா கிரீமரின் ‘நைட்ஷேட்’, ஜெனிஃபர் லின் பார்ன்ஸின் ‘ரெய்ஸ்ட் பை உல்வ்ஸ்’. ஐந்துமே 2005இலிருந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வரத் தொடங்கியவை. வட அமெரிக்காவின் குளிர்ந்த காடுகளையோ நகரங்களையோ களமாகக் கொண்டவை. ஒவ்வொன்றிலும் பள்ளி வயதுப் பெண் ஒருத்தி நடுவில் நிற்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றை எடுத்து மற்றொன்றின் அட்டைக்குள் வைத்தாலும் தெரியாது என்று தோன்றும். ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் ஐந்தும் ஐந்து திசைக்குப் பிரிந்துவிடுகின்றன: மனிதன் ஓநாயாக மாறுவதற்கு இந்த உலகத்தில் என்ன விதி, அந்த மாற்றத்துக்கு விலை கொடுப்பவர் யார்? பாத்திரங்களின் குணம், காதலின் போக்கு, கதையின் வேகம் எல்லாமே அந்த விதியிலிருந்துதான் முளைக்கின்றன. அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதலில் ‘ட்வைலைட்’டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் பார்த்த எவரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2005இல் முதல் நாவல் வந்தது. ஓநாய்கள் உண்மையில் களத்துக்கு வருவது 2006இல் வெளியான ‘நியூ மூன்’ நாவலில்தான். ஓநாய்க்காகவே படிக்கத் தொடங்கும் ஒருவர் ஒரு முழு நாவலை ரத்தக்காட்டேரிகளோடு கழித்த பிறகே ஜேக்கப் பிளாக் என்னும் இளைஞனின் மாற்றத்தை அடைகிறார் என்பது இந்தத் தேர்வில் சின்னக் குறை அல்ல. இங்கே மாற்றம் பரம்பரையாக வருவது, பகைவரான காட்டேரிகள் அருகில் இருப்பதால் விழித்துக்கொள்வது, கோபத்தில் வெடிப்பது. மாறியவர்களின் உடல்சூடு 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கிறது. ஓநாய் உருவில் இருக்கும்போது, கூட்டத்தில் ஒருவர் நினைப்பது மற்ற எல்லோருக்கும் கேட்கிறது. தலைவன் ஆணையிட்டால் உடம்பே மறுக்க விடாது.

இந்த விதிகளின் கொடுமையை மேயர் தெரிந்தே எழுதிய இடம் லேயா கிளியர்வாட்டர் என்னும் பாத்திரம். அவளைக் காதலித்த சாம் யூலி ஓநாயாகிறான். பிறகு ‘இம்ப்ரிண்ட்’ எனப்படும் மீறமுடியாத ஈர்ப்பினால் லேயாவின் உறவுப் பெண்ணான எமிலியோடு பிணைக்கப்படுகிறான். பின்னால் லேயாவும் ஓநாயாகி, கூட்டத்தின் ஒரே பெண்ணாக, தன்னை விட்டுப்போனவனின் நினைவுகளைக் கேட்டுக்கொண்டே அவனுடைய ஆணைக்கும் கீழ்ப்படிய வேண்டிவருகிறது. இந்த ஒரு நிலைமையிலிருந்தே தனி நாவல் எழுதலாம். ஆனால் கதை அவளைக் கடுகடுப்பானவள் என்ற ஓரத்தில் நிறுத்திவிட்டு, கதாநாயகி பெல்லாவின் தவிப்புக்கே திரும்பத் திரும்பப் போகிறது. 2008இல் வந்த ‘பிரேக்கிங் டான்’ நாவலின் நடுப்பகுதியை ஜேக்கப்பே சொல்கிறான்; தொடரிலேயே நகைச்சுவையும் வேகமும் கூடிய பகுதி அதுதான். அதே பகுதியின் முடிவில் அவனுடைய ஈர்ப்பு அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தையின் மேல் விழுவதாக எழுதப்பட்டிருப்பதை, என்ன விளக்கம் சொன்னாலும், 14 வயதுப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

இன்னொரு தயக்கமும் உண்டு. ஜேக்கப்பின் ஊரான லா புஷ் கற்பனை ஊர் அல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் குயிலியூட் என்னும் பழங்குடி மக்கள் வாழும் உண்மையான ஊர் அது. உருமாற்றும் ஆற்றலுடைய ஒருவர் ஓநாய்களைத் தங்கள் முன்னோராக மாற்றினார் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. காட்டேரிகளோடு பகை, உடன்படிக்கை என்பனவெல்லாம் நாவலாசிரியர் சேர்த்தவை. ஆழிப்பேரலை வரக்கூடிய தாழ்வான கரையிலிருந்து மேட்டு நிலத்துக்கு நகர்வதற்காக, பக்கத்திலுள்ள ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் பெறும் சட்டம் அம்மக்களுக்கு 2012இல்தான் கிடைத்தது. ஒரு சிறு சமூகத்தின் பெயரையும் கதையையும் இப்படி எடுத்தாள்வது சரியா என்ற கேள்வியோடு படித்தால் ‘ட்வைலைட்’ நல்ல விவாதப் பொருள். முதல் ஓநாய்க் கதையாகப் படிக்க அது ஏற்றதல்ல.

மெர்சி ஃபால்ஸ் வரிசை இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ‘ட்வைலைட்’டில் ஓநாய் என்றால் சூடு, இங்கே ஓநாய் என்றால் குளிர். ‘ஷிவர்’ 2009இலும், ‘லிங்கர்’ 2010இலும், ‘ஃபாரெவர்’ 2011இலும் வந்தன. இரண்டு துணைப் பாத்திரங்களை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோகும் ‘சின்னர்’ 2014இல் தனியாக வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட மெர்சி ஃபால்ஸ் என்னும் சிற்றூரில், கடிபட்டவர்கள் பனிக்காலத்தில் ஓநாயாகவும் வெயில் காலத்தில் மனிதராகவும் இருக்கிறார்கள். முழுநிலவுக்கு இங்கே வேலையே இல்லை. ஆண்டு செல்லச் செல்ல மனிதராக இருக்கும் மாதங்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கோடையில் அவர்கள் திரும்பாமலே போய்விடுவார்கள். சாம் ராத்துக்கு 18 வயதுதான். ஆனால் இதுவே தன் கடைசி மனிதப் பருவம் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த விதியின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ‘ஷிவர்’ நாவலின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் அன்றைய வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் போடப்பட்டிருக்கிறது. முதலில் அது வெறும் அலங்காரமாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களுக்குப் பிறகு பக்கத்தைத் திருப்பியதும் கண் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போகிறது. எண் இறங்கியிருந்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. வில்லன் எவனும் வராமலேயே, ஒரு கதவு திறந்துகிடப்பதும் ஒரு காரின் ஹீட்டர் அணைவதும் ஆபத்தாகிவிடுகின்றன. அமெரிக்கப் பதிப்பில் மூன்று பாகங்களின் எழுத்துகளும் முறையே நீலம், பச்சை, சிவப்பு மையில் அச்சாகியிருப்பது கூட, பருவம் மாறுவதைக் கண்ணுக்குக் காட்டும் தந்திரமாக எனக்குப் பட்டது.

பாத்திரங்களிலும் இத்தொடர் ஒரு படி மேலேதான். கிரேஸ் பிரிஸ்பேன் உருகுகிற பெண் அல்ல. தன் சாப்பாட்டைத் தானே சமைத்து, வீட்டுக் கணக்கைத் தானே பார்த்து, ஓவியம் வரைவதில் மூழ்கிய தாய்க்கும் எப்போதாவது தென்படும் தந்தைக்கும் நடுவில் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டவள். சிறுவயதில் ஓநாய்களிடம் கடிபட்டும் அவள் ஏன் மாறவில்லை என்பதுதான் கதையின் முடிச்சு. அதன் விடை அந்தப் பெற்றோரின் கவனக்குறைவிலேயே ஒளிந்திருக்கிறது. சாம் கவிதை படிப்பவன், புத்தகக் கடையில் வேலை செய்பவன், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றைக் காகிதக் கொக்குகளாக மடித்து அறைக் கூரையிலிருந்து தொங்கவிடுபவன். இந்த விஷயத்தில் என் அக்கா மகளின் நிபந்தனையை மீறுகிறவன் அவன்தான்: உருகுவது முழுக்க அவன் பங்கு. இரண்டாம் பாகத்தில் அந்த இனிப்பைச் சரிசெய்ய ஸ்டீஃப்வாட்டர் இரண்டு புளிப்பான ஆட்களையும் கதை சொல்ல வைக்கிறார். ஒருத்தி இஸபெல் கல்பெப்பர், பணக்கார வழக்கறிஞர் ஒருவரின் மகள், நாக்கு முழுக்கக் கத்தி. மற்றவன் கோல் செயின்ட் கிளேர், புகழை வெறுத்துத் தன்னையே மறக்க வேண்டும் என்பதற்காக விரும்பி ஓநாயான பாடகன். சாம் மனிதனாக இருப்பதற்குப் போராடுகிறான், கோல் மனிதனாக இருப்பதிலிருந்து தப்பப் பார்க்கிறான். ஒரே விதி இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருகிறது. இத்தொடரை நான் உயர்வாக நினைப்பதற்கு இந்த எதிர்நிலை ஒன்றே போதும்.

இங்கே உண்மையான ஓநாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்து தொடர்களும் பிரிந்துபோகும் இன்னொரு முச்சந்தி அது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷென்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்துதான், சண்டையிட்டு மேலே வரும் ‘ஆல்பா’ தலைவன் என்ற படிமம் வேர்விட்டது. அதைப் பரவலாக்கிய நூல்களுள் ஒன்றை 1970இல் எழுதிய டேவிட் மெக் என்னும் ஆய்வாளரே, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களோடு தங்கிப் பார்த்துவிட்டு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், பெற்றோரை ஆல்பா என்பது பொருந்தாது என்று 1999இல் எழுதினார். மெர்சி ஃபால்ஸில் கூட்டத்துக்குத் தலைவரான பெக், சண்டையில் வென்றவர் அல்ல. சாமை மகனாக வளர்த்தவர். அவருடைய தவறுகளும் ஒரு தந்தையின் தவறுகளாகவே இருக்கின்றன. மற்ற நான்கில் மூன்று தொடர்கள் பழைய ஆல்பா கோட்பாட்டின் மேலேயே கட்டப்பட்டவை. கதைக்கு அறிவியல் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஓநாய் என்றதும் ‘ஆடு நனைகிறதே என்று அழுத’ பாசாங்குக்காரன்தான் நினைவுக்கு வருகிற நமக்கு, ஓநாயைக் குடும்பஸ்தனாகப் பார்ப்பது புதிய அனுபவம்.

அப்படியானால் மெர்சி ஃபால்ஸையே வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். தடுத்தது வயது. சாமின் பெற்றோர் அவனுக்குச் செய்தது, கோலின் போதைப் பழக்கமும் சாக வேண்டும் என்ற எண்ணமும், காதலர் இருவரும் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரே அறையில் தங்குவது ஆகிய எல்லாம் கண்ணியமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. எனினும் அவை 16 வயதில் படித்தால் விளங்குகிற அளவுக்கு 14இல் விளங்காது என்பது என் கணிப்பு. இன்னொன்று, இது மெதுவான தொடர். ஐம்பதாம் பக்கத்தில் தீர்ப்பு எழுதும் வாசகிக்கு ‘ஷிவர்’ அந்த இடத்தில் இன்னும் காட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

‘நைட்ஷேட்’டை வேகமாகக் கடந்துவிடலாம். கொலராடோவின் வெய்ல் நகரில் காலா டோர் என்னும் பெண் ஓநாய், தன் கூட்டத்தின் தலைவியாகப் பிறந்தவள். பக்கத்துக் கூட்டத்தின் ரென் லரோஷை மணந்து புதிய கூட்டம் அமைக்க வேண்டும் என்று, ஓநாய்களை ஆளும் எஜமானர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஷே டோரன் என்ற மனித இளைஞனைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறாள். இங்கே மாற்றத்துக்கு வலியும் இல்லை, விலையும் இல்லை. நினைத்த கணத்தில் மனிதர், நினைத்த கணத்தில் ஓநாய். விலை முழுக்க அடிமைத்தனத்தில் இருக்கிறது. கிரீமர் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர் என்பது தெரிகிறது. எஜமானர்கள் தடைசெய்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸின் தத்துவத்தை ஷே பேச்சில் எடுக்கும் இடமும், ரென் எவளோடும் திரியலாம், காலா மட்டும் ‘தூய்மை’ காக்க வேண்டும் என்று அவளுக்கே தாய் பாடம் நடத்தும் இடமும் நன்றாக உறைக்கின்றன. ஆனால் 2011இல் வந்த ‘உல்ஃப்ஸ்பேன்’ நாவலிலிருந்து கதை மந்திரப் போர்க்களத்துக்குப் போய்விடுகிறது; இரண்டு ஆண்களுக்கு நடுவே காலா ஊசலாடுவது மட்டும் மிஞ்சுகிறது. 2012இல் வந்த ‘பிளட்ரோஸ்’ நாவலின் முடிவு எனக்கு ஒட்டவில்லை.

‘ரெய்ஸ்ட் பை உல்வ்ஸ்’ அதைவிடக் கூர்மையானது, ஆனால் அதிகம் பேசப்படாதது. பிரின் என்னும் பெண் ஓநாய் அல்ல. குழந்தையாக இருந்தபோது வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவளுடைய பெற்றோரைக் கொன்றது. கேலம் என்னும் தலைவன் அவளை மீட்டுத் தன் கூட்டத்தின் அடையாளத்தை இட்டு வளர்த்தான். ஓநாய்களுக்கு நடுவே வளர்ந்த மனிதப் பெண் என்பதால், மாற்றத்தின் விலையை இங்கே வெளியே நின்று பார்க்கிறோம். கடிபட்டும் உயிர்பிழைத்த சேஸ் என்னும் இளைஞனைக் கேலமின் வீட்டு அடித்தளத்தில் ஒரு கூண்டுக்குள் அவள் முதன்முதலில் பார்க்கும் காட்சி மனத்தில் நிற்கிறது. இந்த உலகில் பெண் ஓநாய்கள் மிக அரிது. ஆண் இரட்டையோடு கருவானால்தான் பெண் குழந்தை பிழைக்கும். அதனால் பெண்கள் மதிப்புமிக்கவர்கள், மதிப்புமிக்கவர்கள் என்பதாலேயே கட்டுப்படுத்தப்படுகிறவர்கள். ‘பாதுகாப்பு’ என்ற சொல் எப்போது சிறையாகிறது என்று பார்ன்ஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கூட்டத்தின் சட்டத்தை மீறியதற்காகப் பிரினுக்கு நிறைவேற்றப்படும் அடிதண்டனை, அதுவும் அவளுடைய உயிர்த் தோழனின் தாய் கையாலேயே நடப்பது, படிக்கக் கடினமான காட்சி. காதல் இதில் ஓரத்தில்தான். அந்த வகையில் என் வாசகிக்குப் பொருத்தம். மனத்தால் பிணைந்திருக்கும் கூட்டத்தின் விதிகளை விளக்குவதற்குப் பல பக்கங்கள் செலவாவதுதான் எனக்கிருந்த தயக்கம். மற்றபடி இது என் பட்டியலில் இரண்டாவது.

முதலிடம் ‘டார்க்கஸ்ட் பவர்ஸ்’. 2008இல் ‘த சம்மனிங்’, 2009இல் ‘த அவேக்கனிங்’, 2010இல் ‘த ரெக்கனிங்’ என மூன்றே பாகங்கள். கண்டிப்பானவர்கள் இதை ஓநாய்த் தொடர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கதையைச் சொல்லும் குளோயி சாண்டர்ஸ் இறந்தவர்களைப் பார்த்துப் பேசக்கூடியவள், ஓநாய் அவளுடைய தோழன். திரைப்பட இயக்குநராக வேண்டும் என்ற கனவோடு, பதற்றத்தில் திக்கித் திக்கிப் பேசும் 15 வயதுப் பெண் அவள். பள்ளியில் தீக்காயங்களோடு ஒரு ஆவி துரத்த, அவள் அலற, மனநோய் என்று முத்திரை குத்தி லைல் ஹவுஸ் என்ற விடுதியில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கேதான் டெரெக் சூசாவைச் சந்திக்கிறாள்.

டெரெக் ஓநாய்க் கதைகளில் நான் பார்த்த மிக நேர்மையான பையன். முகம் முழுக்கப் பரு, குளித்தாலும் போகாத வியர்வை நாற்றம், வாசலை அடைக்கும் உடம்பு, பேசினால் அதட்டல். அதோடு கணக்கிலும் அறிவியலிலும் அபாரமான மூளை. தன் வளர்ப்புச் சகோதரன் சைமனைக் காப்பாற்றும்போது தன் பலம் தெரியாமல் ஒருவனைத் தூக்கியெறிந்து முதுகெலும்பை முறித்தவன். அன்றிலிருந்து தன் கையையே நம்பாதவன். ஜேக்கப்புக்கு ஓநாய்த்தன்மை கட்டான உடம்பைக் கொடுக்கிறது. டெரெக்குக்கு அது விடலைப் பருவத்தின் எல்லாச் சங்கடங்களையும் இரட்டிப்பாக்கித் தருகிறது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காத வயதில் இருக்கும் வாசகருக்கு எது ஆறுதல் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் பாகத்தில் அவனுக்கு முதல் மாற்றம் வரும் காட்சி ஒன்றுக்காகவே இத்தொடரைப் பரிந்துரைப்பேன். காய்ச்சல், அரிப்பு, தோலுக்கு அடியில் தசைகள் தாமாகவே நெளிவது, வாந்தி என்று அது ஒரு நோயைப் போலத் தொடங்குகிறது. குளோயிக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருக்கிறது. ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்து, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் எதையாவது பேசிக்கொண்டிருக்கிறாள். மாற்றம் முழுமையடையாமல் பாதியிலேயே நின்றுபோகிறது; அவன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முத்தமோ வாக்குறுதியோ இல்லாத அந்த ஒரு காட்சியில் இருக்கும் நெருக்கம், வேறு தொடர்களின் நாற்பது பக்க உருகலில் இல்லை. இங்கே மாற்றத்தின் விலையை அவன் கொடுக்கிறான், அதைப் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்க்க ஒரு தோழி இருக்கிறாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பிள்ளைகளை வைத்து மரபணுச் சோதனை நடத்திய எடிசன் குழு என்னும் எதிரித் தரப்பு, அறிமுகமாகும்போது இருந்த அச்சத்தை மூன்றாம் பாகத்தில் தக்கவைக்கவில்லை. நடை எளிமையானது, ஸ்டீஃப்வாட்டரின் வரிகளைப் போல அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள அதிகம் கிடைக்காது. பாதி அழுகிய உடல்கள் எழுந்து வரும் இடங்கள் இரவில் தனியாகப் படிக்க உகந்தவை அல்ல. ஆனால் இவை எதுவும் 14 வயது வாசகிக்குத் தடையாகாது. கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கூடுதல் கவர்ச்சியாகவே இருக்கும் என்று நினைத்தேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. ‘ஷிவர்’ தன்னளவில் முடிகிற நாவல். அதோடு நிறுத்தினாலும் ஒரு முழுக் கதையைப் படித்த நிறைவு இருக்கும். ஆகவே ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் என்றாலோ, வாசகருக்கு 16 வயது ஆகிவிட்டது என்றாலோ, தயங்காமல் அதையே எடுக்கலாம். ‘த சம்மனிங்’ அப்படியல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி துண்டிக்கப்பட்டது போல, பாதி வழியில் நின்றுவிடும். மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எனக்கு இது தெரிந்தும், பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி வந்தது. "சித்தி, இதுல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கா, இல்ல கதையே இவ்ளோதானா?"